ஆட்டோமேட்டிக் வாட்சுக்குப் புது மெயின் ஸ்பிரிங் போட்டேன், 20 மணி நேரம்கூட ஓடவில்லை

நொடிமுள் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். 1960-களின் சுவிஸ் ஆட்டோமேட்டிக் ஒன்றை முழுதாகக் கழற்றி சர்வீஸ் செய்து மாட்டியிருக்கிறேன். கைச்சாவி வாட்சுகள் ஐந்தாறு செய்த அனுபவம் உண்டு. ஆட்டோமேட்டிக் இதுதான் முதல் தடவை.

டைம்கிராஃபரில் (டிக் சத்தத்தை வைத்து ஓட்டத்தை அளக்கும் கருவி) எல்லாம் நன்றாகத்தான் தெரிகிறது. மணிக்கு 18,000 அதிர்வு, டயல் மேல்நோக்கி இருக்கும்போது வீச்சு (இங்கும் அங்கும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் நடுவிலிருந்து ஒரு பக்கம் திரும்பும் அளவு) 285 டிகிரி, நாளுக்கு +6 நொடி. ஆனால் நாள் முழுக்கக் கையில் கட்டியிருந்து இரவு பத்து மணிக்குக் கழற்றி வைத்தால் மறுநாள் மாலை ஐந்துக்கு நின்று கிடக்கிறது. 19 மணி நேரம்! 40 மணி நேரமாவது ஓட வேண்டிய வாட்ச்.

வாட்சை ஓட்டும் பழைய மெயின் ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்ததால் புதிது போட்டேன். பழையதை அளந்து பார்த்தேன்: உயரம் 1.20 மி.மீ., தடிமன் 0.13, நீளம் சுமார் 400, பாரலின் (ஸ்பிரிங் சுருண்டு கிடக்கும் வட்ட டப்பா) உள்விட்டம் 10.5. அதே அளவில் வாங்கியதுதான். எங்கே தப்பு செய்தேன்?

---

சனிக்கிழமை மெக்கானிக்

ரோட்டார் (கை அசையும்போது சுற்றிச் சாவி ஏற்றும் எடைத்தகடு) ஒழுங்காகச் சாவி ஏற்றவில்லை போலிருக்கிறது. ரோட்டாரின் சுற்றை ஸ்பிரிங்குக்குக் கொண்டுபோகும் ரிவர்ஸர் சக்கரங்களை நன்றாகக் கழுவினீர்களா? அதில் எண்ணெய் அதிகமானால் இரண்டு பக்கமும் வழுக்கும். ரோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்பிரிங்குக்கு ஒன்றும் போய்ச் சேராது. நான் இதில் ஒரு மாதம் அலைந்தேன்.

---

நொடிமுள்

அதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். கிரௌனைப் (வாட்சின் பக்கவாட்டுத் திருகு) பிடித்து நாற்பது ஐம்பது திருகு சாவி கொடுத்து மேசையில் வைத்தும் பார்த்தாயிற்று. அப்போதும் அதே 19 மணி நேரம்.

---

கணக்குப்புலி

அப்படியானால் ரோட்டாரை விட்டுவிடலாம். கையால் சாவி கொடுத்தாலும் நேரம் குறைகிறது என்றால் கோளாறு பாரலுக்குள். ஸ்பிரிங்கில் சக்தி ஏறவில்லை, அல்லது ஏறியது தங்கவில்லை.

---

பழைய பெஞ்ச்

தம்பி, மூன்று கேள்வி. பதில் சொல்லு, அப்புறம் பார்ப்போம்.

பாரலைத் திறந்தபோது உள்சுவர் எப்படி இருந்தது? கழுவியபின் அந்தச் சுவரில் என்ன தடவினாய்? ஸ்பிரிங்கை எப்படி உள்ளே ஏற்றினாய், கையாலா, ஸ்பிரிங்கைச் சுற்றித் தரும் வைண்டர் கருவியாலா, கடையிலிருந்து மோதிரம் மாதிரி வளையத்துக்குள் சுற்றி வந்ததை அப்படியே தள்ளினாயா?

---

நொடிமுள்

சார், பாரலைத் திறந்தபோது சுவரெல்லாம் கறுப்பாகத் தார் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. பென்சினில் ஊறவைத்து, பெக்வுட் மரக்குச்சியால் தேய்த்து எடுத்தேன். அடியில் பளபளவென்று பித்தளை. சுவரில் சின்னச் சின்னதாக நான்கு பள்ளம் இருக்கிறது.

தடவியது 8200. மெயின் ஸ்பிரிங் கிரீஸ் என்று புட்டியிலேயே இருந்ததால் ஸ்பிரிங் முழுக்க மெல்லிசாகத் தடவி, பாரலின் அடியிலும் சுவரிலும் கொஞ்சம் பூசினேன். ஸ்பிரிங் மோதிரத்தில் சுற்றி வந்தது, அப்படியே தள்ளிவிட்டேன். அதில் ஒரு சிக்கலும் இல்லை.

---

பழைய பெஞ்ச்

கிடைத்துவிட்டது. நீ தார் என்று நினைத்துச் சுரண்டியது அழுக்கு மட்டும் இல்லை தம்பி, அதில் பாதி பிரேக்.

கைச்சாவி வாட்சில் ஸ்பிரிங்கின் வெளி முனை சுவரில் உள்ள கொக்கியில் மாட்டிக்கொள்ளும். முழுக்கச் சாவி ஏறியதும் கிரௌன் கல் மாதிரி நின்றுவிடும், அதற்குமேல் திருக மாட்டோம். ஆட்டோமேட்டிக்கில் "போதும்" என்று ரோட்டாரிடம் சொல்ல யாரும் இல்லை. கை அசையும் வரைக்கும் அது ஏற்றிக்கொண்டே இருக்கும். வெளி முனையைக் கொக்கியில் மாட்டினால் ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும்.

அதனால் ஆட்டோமேட்டிக் ஸ்பிரிங்கின் வால் பக்கம் இன்னொரு துண்டு சேர்த்து ஒட்டியிருப்பார்கள், பிரைடில் என்பது அதுதான். ஸ்பிரிங்கைவிடத் தடிமன், எதிர்ப்பக்கமாக வளைந்திருக்கும். பாரலுக்குள் போனதும் அது வெளிப்பக்கமாக விரிந்து சுவரை அழுத்திப் பிடிக்கும். சாவி முழுக்க ஏறி இழுவை அதிகமானால் பிடி விட்டுக் கொஞ்சம் வழுக்கி, அடுத்த பள்ளத்தில் போய் மறுபடி பிடிக்கும். பஸ்ஸில் கிளட்ச் மாதிரி என்று வைத்துக்கொள்.

இப்போது சொல், கிளட்ச் பிளேட்டில் யாராவது கிரீஸ் பூசுவார்களா? நீ பூசியிருக்கிறாய். பாதி சாவி ஏறும்போதே வழுக்கிவிடுகிறது. அந்தச் சுவருக்கென்று பிரேக் கிரீஸ் தனியாக இருக்கிறது: 8213, 8217. க்ளூபர் P125-உம் போடுவார்கள். சாதாரண கிரீஸ் வழுக்க விடும், இது பிடித்து நிறுத்தி மெதுவாக விடும்.

---

கணக்குப்புலி

பெரியவர் சொன்னதோடு ஒரு துணுக்கு. இப்படி வழுக்கும் ஸ்பிரிங்குக்கு 1863-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார் அட்ரியன் பிலிப், படேக் பிலிப்பில் வரும் அதே பிலிப். ஹார்வுட்டின் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் வந்தது 1920-களில். பூட்டுக்கு அறுபது வருடம் முன்னாலேயே சாவி செய்து வைத்த கதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நொடிமுள், வாட்சை மறுபடி முழுதாகக் கழற்றும் முன் பாரலை மட்டும் வெளியே எடுத்து ஒரு சோதனை செய்யுங்கள். பாரலின் நடு அச்சான ஆர்பரின் சதுரத்தைப் பின் வைஸில் (கையில் பிடிக்கும் சின்ன இடுக்கி) பிடித்துக்கொண்டு, பாரலை இன்னொரு கையின் விரல் உறைக்குள் பிடியுங்கள். சாவி கொடுக்கும் திசையில் மெதுவாகத் திருப்பி, எத்தனை சுற்றில் வழுக்குகிறது என்று எண்ணுங்கள். பாரலில் எத்தனை பல், அது ஓட்டும் சென்டர் பினியனில் (சென்டர் சக்கரத்தின் அச்சிலுள்ள சின்னப் பல்சக்கரம்) எத்தனை பல் என்பதும் வேண்டும்.

---

நொடிமுள்

செய்தேன். பாரல் 72 பல், சென்டர் பினியன் 12.

சுற்று எண்ணியது இப்படி. முதல் சுற்று லேசாக இருந்தது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் விரலுக்கு இழுவை தெரிய ஆரம்பித்தது. மூன்றரையில் உள்ளே ஏதோ ஈரத்தில் நழுவுவது மாதிரி சத்தமே இல்லாமல் விட்டுவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு திருப்பினாலும் அதே இழுவைதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நான்கு முறை செய்தேன். நான்கிலும் மூன்றரை, மூன்றே முக்காலுக்குள்.

---

கணக்குப்புலி

72-ஐ 12-ஆல் வகுத்தால் 6. சென்டர் சக்கரம் மணிக்கு ஒரு சுற்று, அதனால் பாரல் ஒரு முழுச் சுற்று இறங்க ஆறு மணி நேரம். மூன்றரைச் சுற்றுக்கு 21 மணி நேரம். கடைசியில் இழுவை செத்துப்போய் பேலன்ஸை ஓட்ட முடியாத பகுதியைக் கழித்தால் உங்கள் 19 வந்துவிடுகிறது. கணக்கு சுத்தமாக ஒத்துப்போகிறது. ஸ்பிரிங்கில் குறையில்லை, பிடிதான் இல்லை.

---

வளைச்சுப்பார்

இதற்குப் போய் ஏன் இவ்வளவு சுற்று? பிரைடிலை வெளிப்பக்கமாக இன்னும் கொஞ்சம் வளைத்துவிடுங்கள், பிடி தானாக ஏறும். இல்லையென்றால் சுவரில் நைஸ் எமரித் தாளால் இரண்டு தேய்ப்பு. நான் மூன்று வாட்சில் செய்து ஓடிக்கொண்டிருக்கிறது. பிரேக் கிரீஸ் எல்லாம் விலை போட்டு விற்பதற்கு ஒரு பெயர்.

---

பழைய பெஞ்ச்

ஓடும். எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

எமரி போட்டால் பித்தளைத் தூள் வரும். நீ கழுவினாலும், பிரைடில் அந்தச் சொரசொரப்பில் உரசும்போதெல்லாம் இன்னும் வரும். கடினமான ஸ்பிரிங் அலாய், மெத்தென்ற பித்தளை, நடுவில் அரம். ஒரு வருடம் கழித்துத் திறந்து பார், உள்ளே சாம்பல் நிறத்தில் பசை இருக்கும். சுவரில் வரி விழுந்தால் பாரலையே மாற்ற வேண்டும், பழைய வாட்சுக்குப் பாரல் எங்கே தேடுவது?

பிரைடிலை வளைப்பதும் அப்படித்தான். ஓர் இடத்தில் வளைத்தால் அந்த ஒரு புள்ளி மட்டும் சுவரைக் குத்தும், மற்ற நீளம் சும்மா கிடக்கும். ஒட்டுப் போட்ட இடத்தில் விட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. நானும் சின்ன வயதில் வளைத்திருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். அப்போது சாமான் கிடைக்காது, வேறு வழியில்லை. இப்போது கிடைக்கிறதே.

---

வளைச்சுப்பார்

சரி சரி, பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். என் மூன்று வாட்சையும் திறந்து பார்க்கத் தைரியம் வரவில்லை :)

---

புதுசு_2

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் அளவு ஒத்துவரும் கைச்சாவி ஸ்பிரிங் ஒன்று சும்மா இருக்கிறது. அதை ஆட்டோமேட்டிக் பாரலில் போட்டால் என்ன ஆகும்?

---

சனிக்கிழமை மெக்கானிக்

ஆட்டோமேட்டிக் பாரல் சுவரில் கொக்கி இருக்காது. வால் மாட்ட இடம் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மாற்றிச் செய்தால், அதாவது கைச்சாவி வாட்சில் பிரைடில் வைத்ததைப் போட்டால், சாவி முடிந்ததே தெரியாமல் வருடக்கணக்கில் திருகலாம்.

---

நொடிமுள்

(பத்து நாள் கழித்து)

பிரேக் கிரீஸ் வந்தது, 8217. நேற்று இரவு உட்கார்ந்தேன். நடந்ததை விரிவாக எழுதுகிறேன், தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

பாரலைத் திறந்து ஸ்பிரிங்கை வெளியே எடுத்தேன். மையத்தில் ட்வீசரால் மெதுவாகத் தூக்கி, கட்டை விரலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுருளாக விட்டேன். மேசையில் போட்டதும் பழைய நீல ஸ்பிரிங் மாதிரி சுருண்டு கிடக்காமல், பாம்பு நெளிந்த மாதிரி எதிர் வளைவோடு விரிந்தது. இதைப் பார்த்தபின்தான் பழையது எவ்வளவு செத்துப்போயிருந்தது என்று புரிந்தது.

பாரல், மூடி, ஆர்பர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழுவினேன். 8200-இன் சுவடு சுவரில் இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை. பள்ளங்களுக்குள் கூர்சீவிய பெக்வுட்டை விட்டுத் திருப்பினேன், முனை வெள்ளையாகவே வெளியே வரும் வரை.

இப்போது மோதிரம் இல்லை, வைண்டரில்தான் சுற்ற வேண்டும். நண்பர் ஒருவர் இரவல் கொடுத்தார். முதல் தடவை கொக்கி மாறிய வைண்டரை எடுத்துவிட்டேன். இது இடது, எனக்கு வேண்டியது வலது. இரண்டாவது தடவை பாதி சுற்றியபோது கைப்பிடி வழுக்கி ஸ்பிரிங் டப்பென்று பாய்ந்து அலமாரிக்கு அடியில் போய்விட்டது. இருபது நிமிடம் டார்ச்சோடு தரையில் படுத்திருந்தேன். கிடைத்தது, கோணலாகவில்லை, திரும்பக் கழுவினேன். மூன்றாவது தடவை சுற்றி, வால் மட்டும் டிரம்மின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதையும் ட்வீசரால் உள்ளே அணைத்தேன்.

சுவரில் 8217-ஐப் புள்ளி புள்ளியாக வைத்தேன், பள்ளத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்றிரண்டு. கடுகில் கால்வாசிகூட இருக்காது. அடியில் ஒன்றும் இல்லை. ஸ்பிரிங்கை பாரலுக்கு நேரே வைத்துத் தள்ளினேன். 'டக்' என்று அடியில் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. ஆர்பரை இறக்கி, சாவி திசையில் கால் சுற்று திருப்பி, உள்கண் கொக்கியைப் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆர்பரின் இரண்டு முனையிலும் ஒரு துளி கெட்டி எண்ணெய். மூடியை வைத்து, இரண்டு தட்டையான பிளாஸ்டிக் துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தினேன். சுற்றிலும் லூப்பில் (கண்ணில் வைக்கும் பூதக்கண்ணாடி) பார்த்தேன், எங்கும் தூக்கிக்கொண்டு இல்லை. ஆர்பரைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் மயிரிழை அளவு ஆட்டம் இருக்கிறது.

பின் வைஸ் சோதனை: ஆறரைச் சுற்று! இந்தத் தடவை வழுக்குவது கைக்கே தெரிந்தது. 'டொக்' என்று ஓர் உதறல், அரைச் சுற்றுக்குப் பிறகு இன்னொன்று. கட்டிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் தருகிறேன்.

---

பழைய பெஞ்ச்

நன்றாகச் செய்திருக்கிறாய். ஒன்று மட்டும், ஸ்பிரிங்கைக் கையால் சுற்றி ஏற்றாமல் வைண்டர் இரவல் வாங்கினாயே, அதுதான் சரி. கையால் சுற்றினால் கூம்பு மாதிரி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும், அப்புறம் மூடியிலும் அடியிலும் உரசும். விரல் வியர்வை பட்ட இடத்தில் பழைய எஃகு ஸ்பிரிங் துருவும் பிடிக்கும்.

ஆறரை என்பது கொஞ்சம் இடிக்கிறது. அந்த விட்டத்துக்கு ஏழுக்கு மேல் எதிர்பார்த்தேன். இருக்கட்டும், ஓடட்டும்.

---

நொடிமுள்

37 மணி நேரம் ஓடியது! எல்லோருக்கும் நன்றி. இழையை மூடிவிடலாம் என்று நினைக்கிறேன்.

---

நொடிமுள்

(மூன்று நாள் கழித்து)

மூட வேண்டாம். இப்போது புதுத் தலைவலி.

இரவு மேசையில் வைத்தால் நேரம் ஒழுங்காக இருக்கிறது, காலையில் பார்த்தால் இரண்டு மூன்று நொடிதான் வித்தியாசம். ஆனால் கட்டிக்கொண்டு ஒரு நாள் வேலை பார்த்தால் சாயங்காலம் நான்கு நிமிடம் முன்னால் போயிருக்கிறது. நான்கு நொடி இல்லை, நான்கு நிமிடம். நேற்று மாலை காதில் வைத்துக் கேட்டேன். டிக் டிக் என்பதற்கு நடுவில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு தட்டல் வருகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. காந்தம் ஏறியிருக்குமோ என்று டீமேக்னடைஸரில் வைத்து எடுத்தேன். மாற்றம் இல்லை.

---

சனிக்கிழமை மெக்கானிக்

காந்தம் என்றால் மேசையிலும் வேகமாகத்தானே ஓடும். இது முட்டல். பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடுகிறது. ஒரு முழுச் சுற்றை நெருங்கும் அளவுக்கு வீச்சு போனால், பேலன்ஸின் அச்சிலுள்ள ரோலர் தட்டின் கல் சுற்றி வந்து, பேலன்ஸைத் தள்ளிவிடும் கவையான பாலெட் ஃபோர்க்கின் கொம்பை வெளிப்பக்கத்திலிருந்து மோதும். மோதித் திரும்பும்போது ஆட்டம் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, அதனால் வேகம். கையில் இருக்கும்போது ரோட்டார் ஸ்பிரிங்கை உச்சியிலேயே வைத்திருக்கிறது, முட்டுகிறது. கழற்றி வைத்துக் கொஞ்ச நேரத்தில் இழுவை இறங்கி அடங்கிவிடுகிறது.

---

வளைச்சுப்பார்

அப்போ பிரேக் கிரீஸ் அதிகமாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் துடைத்துவிட்டால் முன்னாலேயே வழுக்கும், முட்டாது. சுலபம்.

---

பழைய பெஞ்ச்

இல்லை. அது ஒரு தப்பை இன்னொரு தப்பால் மூடுவது.

யோசித்துப் பார். போன தடவை மூன்றரைச் சுற்றில் வழுக்கியபோது 285 டிகிரி. அது முழுச் சாவி இல்லை, அரைச் சாவி. அரைச் சாவியிலேயே 285 வந்தால் முழுச் சாவியில் என்ன வரும்? நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். பிடி சரியாக இருக்கிறது. ஸ்பிரிங்தான் அந்த வாட்சுக்கு அதிகம்.

தம்பி, பழைய ஸ்பிரிங்கை அளந்து அதே அளவில் வாங்கினேன் என்றாய். உள்ளே இருந்தது கம்பெனியில் போட்ட ஸ்பிரிங்தான் என்று யார் சொன்னது? பின் மூடியின் உள்பக்கத்தை லூப்பில் பார். சர்வீஸ் செய்தவர்கள் ஊசியால் கீறி வைத்த குறி ஏதாவது இருக்கிறதா? அப்புறம் காலிபர் நம்பரை (வாட்ச் இயந்திரத்தின் மாடல் எண்) போட்டு ஸ்பிரிங் கேட்டலாக்கில் தேடு.

---

நொடிமுள்

சார்!! பின் மூடிக்குள் மூன்று கீறல் குறி இருக்கிறது. இரண்டு ஒரே கையெழுத்து, ஒன்று வேறு. கேட்டலாக்கில் இந்தக் காலிபருக்கு உயரம் 1.20, தடிமன் 0.12, நீளம் 400, விட்டம் 10.5.

யாரோ முன்னால் 0.13 போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது சோர்ந்துபோன பழைய எஃகு என்பதால் இத்தனை வருடம் முட்டாமல் ஓடியிருக்கிறது. நான் அதே அளவில் புதிதைப் போட்டதும் பல்லைக் காட்டுகிறது. நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இவ்வளவு செய்யுமா?

---

கணக்குப்புலி

செய்யும். ஸ்பிரிங்கின் உயரம் கூடினால் இழுவை அதே விகிதத்தில்தான் கூடும். தடிமன் அப்படி இல்லை, மூன்றாம் படியில் கூடும். 0.13-ஐ 0.12-ஆல் வகுத்து மூன்று தடவை பெருக்கிப் பாருங்கள்: 1.27. அதாவது 27 சதவீதம் அதிக இழுவை.

வீச்சு இழுவையின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும், தோராயமாக. 1.27-க்கு வர்க்கமூலம் 1.13. ஒழுங்கான ஸ்பிரிங்கில் 295 டிகிரி ஆட வேண்டிய பேலன்ஸ் இதில் 330-ஐத் தாண்டப் பார்க்கும். முட்டாமல் என்ன செய்யும்?

பெரியவருக்கு இடித்த ஆறரைக்கும் இதுதான் காரணம். ஸ்பிரிங் தடித்தால் பாரலுக்குள் அதுவே இடத்தை அடைத்துக்கொள்கிறது, சுருள இடம் குறைகிறது. காலியிடத்தில் பாதியை ஸ்பிரிங் நிரப்பும்போதுதான் அதிகச் சுற்று கிடைக்கும். உங்கள் 0.13 அதைத் தாண்டி நிரப்புகிறது. 0.12-இலும் பாதிக்கு மேல்தான், ஆனால் முக்கால் சுற்றாவது கூடக் கிடைக்கும்.

அளக்கும்போது இன்னொன்று: மைக்ரோமீட்டரின் தட்டை முகத்துக்கு நடுவில் வளைந்த ஸ்பிரிங்கை வைத்தால் வளைவும் சேர்ந்து தடிமன் கூடுதலாகக் காட்டும். உங்கள் விஷயத்தில் புது உறையிலேயே 0.13 என்று இருந்ததால் பிரச்சினை அது இல்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

---

புதுசு_2

டைம்கிராஃபர் 330 காட்டவில்லையே, அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

---

நொடிமுள்

நல்ல கேள்வி. பிரேக் கிரீஸ் போட்டபின் நான் டைம்கிராஃபரில் வைக்கவே இல்லை :( மணி நேரத்தை எண்ணும் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். இப்போது முழுச் சாவியில் வைத்தேன். கோடு ஒழுங்காக விழாமல் பனிமழை மாதிரி புள்ளி சிதறுகிறது, வீச்சு எண்ணே வரவில்லை.

போனில் 240 ஃபிரேமில் ஸ்லோ மோஷன் எடுத்தேன். ஒரு முழு ஆட்டத்துக்கு 96 ஃபிரேம் கிடைக்கிறது. பேலன்ஸின் கை கிட்டத்தட்ட முழுச் சுற்று வந்து, ஓர் இடத்தில் சுவரில் பட்ட பந்து மாதிரி சட்டென்று திரும்புகிறது. பார்க்கவே வயிற்றைக் கலக்குகிறது.

---

பழைய பெஞ்ச்

உடனே கழற்றி வைத்துவிடு. ரோலர் கல் உடைந்தாலோ கொம்பு வளைந்தாலோ அது ஸ்பிரிங் விலையில் முடியாது. அடுத்த தடவை பாரலைத் திறக்கும்போது அந்தக் கல்லையும் கொம்பையும் லூப்பில் பார்.

புது ஸ்பிரிங் மோதிரத்தோடு வரும், வைண்டர் வேண்டாம். மோதிரத்தைப் பாரல் வாயில் தட்டையாக வைத்து, முதலில் பிரைடில் இருக்கும் பக்கத்தை ட்வீசரின் பின்புறத்தால் லேசாக அழுத்து. அது சுவருக்குள் இறங்கியதும் மற்றதை ஒரே சீராகத் தள்ளு. நடுவில் தள்ளினால் மையம் முதலில் இறங்கி, வெளிச்சுருள் விளிம்பில் மாட்டிக்கொண்டு கோபுரம் மாதிரி நிற்கும். தள்ளும் முன்னால் சுருள் திசையைப் பார்த்துக்கொள். மாறியிருந்தால் மோதிரத்தோடு திருப்பிப் போட்டுத் தள்ளினால் போதும், பிரிக்க வேண்டாம்.

புது அலாய் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் வேண்டாம், அதன் மேலேயே பூச்சு இருக்கும். இதில் என்னோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு, போடட்டும். நான் அடித்தட்டில் மட்டும் ஒரு பூச்சு போடுவேன். சுவரில் பிரேக் கிரீஸ், அதுவும் புள்ளிதான். அதிகம் வைத்தால் சுருளுக்குள் ஏறி ஒட்டிக்கொண்டு வேறு தொல்லை.

---

நொடிமுள்

(இரண்டு வாரம் கழித்து)

முடிந்தது. இந்தத் தடவை நான்கு நாள் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அவசரப்படவில்லை.

கல்லும் கொம்பும் தப்பித்தன. கொம்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் புள்ளி அளவில் ஒரு பளபளப்பு, மோதிய இடம். 0.12 ஸ்பிரிங் மோதிரத்திலிருந்து முதல் தள்ளலிலேயே இறங்கியது.

பின் வைஸ்: ஏழேகால் சுற்றில் வழுக்கல், அதே டொக்.
முழுச் சாவியில், டயல் மேலே: 298 டிகிரி. கிரௌன் கீழே: 264.
24 மணி நேரம் கழித்து, டயல் மேலே: 255.
ஓடிய நேரம்: 41 மணி 20 நிமிடம்.
நாள் முழுக்கக் கட்டியிருந்து சாயங்காலம் பார்த்தால்: +3 நொடி.

கணக்குப்புலி 295 என்றார், 298 வந்தது.

கடைசியாக ஒரு சந்தேகம். அந்த 0.13 ஸ்பிரிங் புதிது, நான்கு நாள்கூட முழுசாக ஓடவில்லை. வேறு ஏதாவது வாட்சுக்கு ஆகும் என்று எடுத்து வைக்கலாமா?

---

பழைய பெஞ்ச்

அளவை எழுதி உறையில் போட்டு வைத்தால் எடுத்து வை. எழுதாமல் டப்பாவில் போட்டாய் என்றால் பத்து வருடம் கழித்து நீயே அதை இன்னொரு 0.12 வாட்சில் போடுவாய்.

செத்த பழையது இருக்கிறதே, அதைத் தூக்கிப் போடாதே. ஒரு விரல் நீளம் வெட்டி முனையைச் சாய்வாகத் தீட்டிக்கொள். பாலத்தில், தட்டில் காய்ந்து கிடக்கும் பழைய கிரீஸைச் சுரண்ட அதைவிட நல்ல சாமான் கிடையாது. பாரல் சுவரில் மட்டும் வைக்காதே, அங்கே பெக்வுட்தான்.

---

வளைச்சுப்பார்

என் மூன்றில் ஒன்றை நேற்றுத் திறந்தேன். உள்ளே சாம்பல் நிறப் பசை. பெரியவரே, 8217 எந்த அளவு புட்டி வாங்கட்டும்?

---

பழைய பெஞ்ச்

இருப்பதில் சின்னது. இரண்டு பேருக்கு ஆயுசுக்கும் போதும்.